பஞ்சோடு வந்த கண்ணீர்

நான் ஓய்வுபெற்ற அன்று பட்டறைப் பிள்ளைகள் கேக் வெட்டிவிட்டு, "மெஸ்யூ சிவா, இத்தனை வருசத்தில் உங்களைத் தூக்கிவாரிப் போட்ட படம் எது?" என்று கேட்டார்கள். நான் பேச்சுக்காரன். நான் வாய் திறந்தால் மூடுவதற்கு ஆள் பிடிக்க வேண்டும் என்பது என் மனைவி மலரின் நிரந்தர முறைப்பாடு. ஆனால் அன்றைக்குப் பேச்சு வரவில்லை. கேக் நல்லாயிருக்கு என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் மொன்றியலுக்கு வந்தது அகதியாக. வந்த எல்லோரையும் போல டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினேன். பிறகு படங்களுக்குச் சட்டம் அடிக்கும் கடை. அதன் பிறகு, பாரமான படங்களைத் தூக்கி இறக்க ஆள் தேடிய மதாம் லூசியின் பட்டறை. பழைய ஓவியங்களின் அழுக்கை எடுத்து, கிழிசல் பொத்தி, உதிர்ந்ததை ஒட்டிக் கொடுக்கிற இடம் அது. தூக்கி இறக்க வந்தவன் தூரிகை பிடித்த கதையை நீட்டினால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள். பார்த்தேன், கேட்டேன், உதவாத பலகைகளில் பழகினேன். அவ்வளவுதான்.

முதல் பாடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். மதாம் ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினார். அதை வாயில் வைத்து ஈரமாக்கினார். ஓவியத்தில் இருந்த ஒரு கிழவரின் நெற்றியில் மெல்ல உருட்டினார். பஞ்சு கறுத்தது, நெற்றி வெளுத்தது.

"எச்சிலோ?" என்றேன்.

"எச்சில்தான். இதைவிட மெல்லிய மருந்தை இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கயில்லை. பாத்துக்கொண்டு நிக்காமல் நீரும் ஒரு குச்சியை எடும்."

மதாம் பேசுவது பிரெஞ்சு. ஆனால் யார் எந்த மொழியில் சொன்னாலும் என் காது அதை யாழ்ப்பாணத் தமிழில்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செம்பை அண்ணாந்து குடித்து வளர்ந்தவன். ஒருவர் கடித்த மாங்காயை மற்றவர் தொடாத வீடு எங்கள் வீடு. ஊரில் இருந்த மலருக்கு இதை எழுதினேன். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. வெளிநாட்டில படத்துக்குத் துப்புறார் எண்டு சனம் சிரிக்கும்" என்று பதில் வந்தது. பிறகு எனக்கு அது பழகிப்போய்விட்டது. துப்புரவு வேலை உள்ள நாளில் மதியம் ஊறுகாய் சாப்பிடக்கூடாது என்று மதாம் எனக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டிருந்தார்.

மதாமின் இரண்டாவது சட்டம் எல்லோருக்கும் பொது. எந்தப் படம் வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "கவிழ்த்துப் போடும்." முகத்தைப் பார்க்கவே விடமாட்டார். பலகையா துணியா, எந்த ஆணி, எங்கே அறுத்தது, எந்தப் பக்கம் புகை குடித்தது என்று முதுகை முழுக்கப் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்த்துவார். படத்தின் சொந்தக்காரர் கதை சொல்லத் தொடங்கினால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "கதையைக் காதில வாங்கினால் கண் அதைத்தான் தேடும்" என்பார். அதனால் வருகிறவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துக் கதை கேட்பது என் பொறுப்பு. கரும்பு தின்னக் கூலியா! ஒருவர் தன் நாயின் படத்தைக் கொண்டுவந்து, "எல்லாத்தையும் துடையுங்கோ, வாயில வடியிற வாணியை மட்டும் தொடாதேங்கோ, அது அவன்ர அடையாளம்" என்றார். ஒரு பெண்மணி, "தாத்தாவின்ர மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்க ஏலுமோ? மகளுக்குக் கலியாணம் பேசுறம்" என்றார். மனிதர்கள் வாயைத் திறந்தால் எனக்குப் பொழுது போவது தெரியாது.

டேவிட் வந்தது நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய இலையுதிர் காலத்தில். அறுபது தாண்டிய ஆங்கிலக்காரர், மொன்றியலில் பிறந்து வளர்ந்தவர். ஒரு படத்தைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வந்தார். மதாம் வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டேவிட் போர்வையை விலக்கினார்.

ஒரு ரயில் மேடை. கரிப்புகை படிந்து படம் முழுவதும் தேநீர்ச் சாயம். கோட்டுகளில் பெயர் அட்டை கட்டிய சிறு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி, பழுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணின் இடுப்பைக் கட்டிப்பிடித்து முகத்தைக் கோட்டுக்குள் புதைத்திருக்கிறாள். சிறுமியின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெண் முழங்காலில் நின்று இரண்டு கையையும் நீட்டுகிறாள். ஒரு கையில் பின்னல் சட்டை ஒன்று, நீல நிறம். அவள் கன்னத்தில் ஒரு கண்ணீர்க் கோடு.

"சிவப்புத் தொப்பி என்ர அம்மா, ஐரீன்" என்றார் டேவிட். "இரண்டாம் உலகப்போர் தொடங்கின நேரம். லண்டனில குண்டு விழப்போகுது எண்டு பிள்ளைகளைக் கப்பலில கனடாவுக்கு அனுப்பினவை. அம்மாவுக்கு அப்ப நாலு வயசு. இஞ்ச ஒரு குடும்பத்தோட வளந்தவ. சண்டை முடியத் திருப்பி அனுப்பினவை. பதினெட்டு வயசில தானாவே கப்பலேறி மொன்றியலுக்கு வந்திட்டா. பிறகு அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கயில்லை. தாயின்ர செத்தவீட்டுக்கும் போகயில்லை."

"ஏன்?"

"கேட்டால் சொல்லமாட்டா. சின்ன வயசில ஒருக்கா நான் விடாமல் கேக்க, ஒரு சொல்லுத்தான் சொன்னவ. 'அவ சிரிச்சவ.' அவ்வளவுதான். பெத்த பிள்ளையை ரயிலேத்தி விட்டிட்டுத் தாய் சிரிச்சவவாம். எண்பது வருசத்துக்கு மேல அதை நெஞ்சில வச்சுக்கொண்டிருக்கிறா."

படத்தை வரைந்தவர் ஐரீனின் தகப்பன். ரயில்வேயில் வேலை செய்து, ஓய்வு நேரத்தில் வர்ணம் குழைத்தவர். அண்மையில் லண்டனில் ஐரீனின் தங்கை இறந்து, வீட்டை ஒதுக்கியபோது இந்தப் படம் டேவிட்டிடம் வந்திருக்கிறது. ஐரீன் இதைப் பார்த்ததே இல்லை.

டேவிட் படத்தின் கண்ணீர்க் கோட்டுக்கு நேரே விரலை வைத்தார். அவர் குரல் உடைந்தது. "பாருங்கோ. சிரிக்கயில்லை, அழுறா. முழங்காலில நிண்டு அழுறா. அம்மாவுக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள் வருது. அதுக்கு முதல் இந்தக் கண்ணீர் தெளிவாத் தெரியவேணும். அம்மா அந்தப் பாரத்தோட சாகக்கூடாது."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. பிள்ளையை விட்டுப் பிரிவது என்னவென்று எனக்குத் தெரியும். என் மகள் சுபாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதுதான் நான் ஊரைவிட்டுப் புறப்பட்டேன்.

அவர் போனதும் மதாம் வெளியே வந்தார். "கவிழ்த்துப் போடும்."

முதுகு முழுக்கக் கறுப்பு. தார் போல வர்ணம் பூசிய பலகை. ஒரு ஓரத்தில் கொளுக்கி மாட்டிய துளைகள். மற்ற ஓரத்தில் ஒரு துளையின் பாதியை வாள் அறுத்துக்கொண்டு போயிருந்தது. மதாம் நகத்தால் அந்த ஓரத்தைத் தடவினார்.

"சன்னலை மறைக்கிற பலகை. குண்டு போடுறவனுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதெண்டு வீட்டுக்கு வீடு வச்சவை. இதைச் சன்னலில இருந்து கழட்டி, அளவுக்கு அறுத்து, பின்பக்கத்தில படம் கீறியிருக்கினம். சண்டை முடியாமல் ஆரும் இதைக் கழட்டியிருக்கமாட்டினம்."

"அப்ப சண்டை முடிஞ்ச பிறகு, நினைவில இருந்து கீறியிருக்கிறார்" என்றேன்.

"நினைவிலயோ என்னவோ. பலகை எப்ப சும்மா கிடந்ததெண்டுதான் முதுகு சொல்லுது. படத்தில நடக்கிறது எப்ப எண்டு முகத்தைத்தான் கேக்கவேணும்."

நாங்கள் மூலையிலிருந்து தொடங்கினோம். தகப்பன் படத்துக்கு வார்னிஷ் பூசவில்லை. அடுப்புப் புகை நேரே வர்ணத்தில் படிந்திருந்தது. அதனால் எச்சிலைத் தவிர வேறெதையும் மதாம் அனுமதிக்கவில்லை. நாள்போக்கில் மேடையின் கல் தெரிந்தது. மேலே, பனிமூட்டத்துக்குள் மஞ்சளாக இரண்டு விளக்குகள் எரிவது தெரிந்தது. முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தோம். மதாமுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்த காலம் அது. "நீர் செய்யும்" என்றார்.

கண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் பஞ்சை வைத்து ஒருமுறை உருட்டினேன். கோடு நகர்ந்தது.

நான் கையை எடுத்துவிட்டேன். வர்ணத்தைக் கரைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வேலையில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. மதாம் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பஞ்சை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தார்.

"வர்ணமில்லை. கரி. சுவர் வேர்த்துக் கரித்தண்ணி வழிஞ்சிருக்கு. எடும்."

எடுத்தேன். ஒரு தாயின் கண்ணீர் முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது. கீழே சிவந்த கன்னம். வாயோரம் கீழ்நோக்கி வளைந்திருந்த கறுப்பும் கரிதான். அதுவும் வந்துவிட்டது. உதடு திறந்திருந்தது. பல்வரிசை தெரிந்தது. முழங்காலில் நின்ற அந்தப் பெண், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவ சிரிச்சவ. ஐரீன் சொன்னது உண்மை.

மறுநாள் டேவிட் வந்து பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பிறகுதான் வெடித்தார்.

"என்ன செய்துபோட்டியள்? இந்தச் சிரிப்பை ஆர் கீறினது?"

மதாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகவில்லை. ஒரு போத்தலை எடுத்து வந்து மேசையில் வைத்தார். உள்ளே கறுத்த பஞ்சுகள். "நாங்கள் எடுக்கிறதுதான், மெஸ்யூ. வைக்கிறேல்லை. உங்கட கண்ணீர் இதுக்குள்ள கிடக்கு." பிறகு படத்தில் அந்தப் பெண்ணின் தாடையோரம் காட்டினார். நகக்கண் அளவு அழுக்கை அங்கே வேண்டுமென்றே விட்டிருந்தார். எங்கள் தொழிலில் அது வழக்கம். முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

டேவிட் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்தார்.

"சிவா, அந்தக் கண்ணீரைத் திருப்பி வையுங்கோ."

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னார். "சின்னக் கோடு. உங்களுக்கு ஒரு நிமிச வேலை. சண்டை தொடங்க, நாலு வயசில அனுப்பின பிள்ளை அவ. இந்தச் சிரிப்பை நான் எப்பிடி அம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுறது? அவ சொன்னது சரியெண்டு நானே படம் போட்டுக் காட்டுறதோ?"

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். மூக்கைக் குறைக்கச் சொன்னவருக்கு நான் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்றவன். இந்த மனிதருக்கு மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மதாமைப் பார்த்தேன்.

மதாம் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மெஸ்யூ டேவிட், உங்கட அம்மா போனது சண்டை தொடங்கேக்கை எண்டுதானே சொல்லுறியள்?"

"ஓம்."

"அப்ப இந்த விளக்குகள் ஏன் எரியுது?"

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"வீட்டுச் சன்னலுக்கே கறுப்புப் பலகை போட்ட சனம், ரயில் மேடையில விளக்கைத் திறந்து எரியவிடுமோ? அந்த நேரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருத்தரின்ர தோளிலயும் நச்சுப்புகை முகமூடிப் பெட்டி தொங்கும். இஞ்ச ஒரு பிள்ளையிட்டயும் இல்லை. பலகையும் சண்டைக்குப் பிறகு. விளக்கும் சண்டைக்குப் பிறகு." மதாம் சிவப்புத் தொப்பிக்கு நேரே குச்சியை நீட்டினார். "இந்தப் பிள்ளைக்கு நாலு வயசோ?"

"தாத்தாவுக்கு அளவு சரியா வராது எண்டு..." டேவிட் இழுத்தார். சிறுமி அந்தப் பெண்ணின் மார்பளவு உயரம். நாங்கள் எல்லோரும் வரைந்தவரின் கையில் பிழை போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

அப்போதுதான் என் கண் அந்த நீலச் சட்டையில் போய் நின்றது. அந்தச் சிறுமிக்குப் போடவே முடியாத சின்னச் சட்டை அது. தன் பிள்ளையின் குழந்தைச் சட்டையை நினைவுக்குக் கொடுத்து அனுப்புகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் அந்தச் சட்டையை அறிவேன். நானே அதை ஒருமுறை கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மலரும் சுபாவும் விமானத்தில் வந்து இறங்கிய அன்று. மாதக்கணக்காகப் பார்த்து, கடை கடையாக ஏறி இறங்கி, மகளுக்கு ஒரு குளிர் ஜாக்கெட் வாங்கியிருந்தேன். சிவப்பு, தொப்பியில் முயல் காது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அளவானது. விட்டுவந்து ஆறு வருசமாகிவிட்டது என்று கணக்குத் தெரிந்தவன்தான் நான். ஆனால் கடையில் நின்றபோது கை தானாக அந்த அளவைத்தான் எடுத்தது. மலரின் பின்னால் ஓர் ஒல்லிப் பெரிய பிள்ளை வந்தாள். நான் ஜாக்கெட்டை நீட்டிக்கொண்டு முழங்காலில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். பிள்ளை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். "அம்மா, இவர் ஆர்?"

இதை டேவிட்டிடம் சொன்னேன். நடுவில் நாலு தரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "இது அனுப்புற படமில்லை, டேவிட். திரும்பி வந்த படம். கோட்டுப் போட்ட மனுசி கூட்டிக்கொண்டு போக வந்தவ இல்லை, கொண்டுவந்து விட வந்தவ. உங்கட அம்மம்மா அஞ்சு வருசமாப் பின்னி வச்சிருந்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டுறா. அவவின்ர மனசில பிள்ளைக்கு இன்னும் நாலு வயசு."

டேவிட் வாயைப் பொத்திக்கொண்டார். மதாம் எனக்குப் பின்னால் நின்றார். கதை கேட்கக்கூடாது என்ற தன் சட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "பலகையும் விளக்கும் நான் சொன்னது. சட்டையை நீர் சொல்லுறீர். பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு அந்தப் பிள்ளைதான் சொல்லவேணும்" என்றார். பிறகு, "கொண்டுபோய்க் காட்டுங்கோ. சிவா, நீரும் போம்."

ஐரீன் மொன்றியலின் லாசால் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தார். தொண்ணூறு வயதில் முதுகு நேராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "இந்த யங் மேன் ஆர்?" என்றார். எனக்கு அப்போது பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

டேவிட் படத்தை அவர் முன்னால் கதிரையில் நிறுத்தினார்.

ஐரீன் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறம் இறங்குவதை நான் கண்ணால் கண்டேன்.

"அந்தக் கோட்டின்ர பொத்தான் ஒண்டைக் கடிச்சுப் பிச்சனான்" என்றார். "வாயில இருந்து எடுக்கமாட்டன் எண்டு நிண்டனான்."

பிறகு விரலை நீட்டி மேடையைக் காட்டினார்.

"மேடையில எல்லாரும் எனக்கு விளங்காத மாதிரிக் கதைச்சவை. நான் அந்த மனுசியிட்ட, எப்ப மொன்றியல் வீட்டை போவம் எண்டு கேட்டனான். எல்லாரும் இங்கிலீசுதான், ஆனால் நான் கதைச்சது கனடாக்காரர் மாதிரி. உடனே பின்னால ஒரு சிரிப்புச் சத்தம். நான் கதைக்கிறதைக் கேட்டு நக்கலடிச்சுச் சிரிக்கிறா எண்டு நினைச்சன். இது ஆரடா, என்னைப் பாத்துச் சிரிக்கிற இந்த மனுசி எண்டு. பேந்துதான் சொன்னவை, அதுதான் உன்ர அம்மா எண்டு."

"நீங்கள் திரும்பிப் பாக்கயில்லையோ?" என்று டேவிட் கேட்டார்.

"கோட்டுக்குள்ள முகத்தை வச்சுக்கொண்டு எப்பிடியடா பாக்கிறது?" கோபமாகச் சொன்னார். பிறகு கோபம் போய்விட்டது. "சத்தம் மட்டும்தான் கேட்டனான். முகத்தைப் பாக்கவேயில்லை. இண்டைக்குத்தான் பாக்கிறன்."

ஐரீன் நீலச் சட்டையைக் காட்டினார். "இது ஆருக்கு?"

"உங்களுக்கு" என்றார் டேவிட்.

"எனக்கு ஒம்பது வயசு. என்ர ஒரு கைகூட அதுக்குள்ள போயிருக்காது." சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே இறங்கியது போல அப்படியே இருந்தார்.

பிறகு, "கிட்டக் கொண்டு வா" என்றார். டேவிட் படத்தைத் தூக்கி அவர் மடியருகே பிடித்தார். ஐரீன் குனிந்து, அந்தச் சிரிக்கிற முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துப் பார்த்தார். தாடையோரம் நாங்கள் விட்டிருந்த சாட்சி அவர் கண்ணில் பட்டது.

"இதில ஊத்தை கிடக்கு."

சட்டைக் கையிலிருந்து கைக்குட்டையை இழுத்து எடுத்தார். ஒரு முனையை நாக்கில் வைத்து நனைத்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கன்னத்தை வாசலில் வைத்துத் துடைப்பார்களே, அப்படித் தன் தாயின் கன்னத்தைத் துடைத்தார்.

"அம்மா, தொடக்கூடாது!" என்று டேவிட் பதறினார். தடுக்க வேண்டியவன் நான். நான் தடுக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பியபோது மதாம் குச்சிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். "படம் பத்திரமோ?" என்றார்.

"பத்திரம். ஆனால் சாட்சி போயிட்டுது, மதாம்."

"ஆர் எடுத்தது?"

"பிள்ளை எடுத்திட்டா. எச்சிலாலதான்."

மதாம் கையில் இருந்த குச்சியை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை.